வீட்டில் ஓடிய நிரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய அறிஞர் சிலப்பதிகாரத்தைப் பேசி உங்கள் நெஞ்சைக் குளிர்வித்தார். அவருக்குப் பின் எழுந்து நின்று, இணையத்தில் ஒரு செயலியை ஏற்றிய கதையைச் சொல்லவேண்டிய என் நிலை இரங்கத்தக்கதே. ஆயினும் செயலாளர் விடவில்லை. நம் சங்க நூலகத்தின் பதிவேடு இவ்வாண்டு கணினிக்கு மாறியிருக்கிறது. அதனைச் செய்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள். இம்மும்பை நகரில் வணிகவியல் பயிலும் மாணவி. கணினியைக் கல்லூரியில் பாடமாகக் கற்றவரல்லர். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், நம் பிள்ளைகள் நால்வர்க்குப் பயன்படும்" என்பது செயலாளரின் கட்டளை. சொல்கிறேன். அதில் என் பங்கு மிகச் சிறிது. அச்சிறிய பங்கைக் கற்றுக்கொள்வதற்கே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இணையப் பக்கங்களில் இருவகை உண்டு. ஒன்று சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் போன்றது; யார் வந்து பார்த்தாலும் அதே எழுத்து. மற்றொன்று நூலகத்தில் அமர்ந்திருக்கும் பொறுப்பாளரைப் போன்றது. நீங்கள் சென்று கேட்டால், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, உங்களுக்குரிய விடையை அந்நேரத்திலேயே எழுதித் தருவார். இவ்விரண்டாம் வகைக்கு எங்கோ ஒரு கணினியில் ஒரு நிரல் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். அக்கணினியைச் சர்வர் என்கிறோம். வழங்கி என்று தமிழில் எழுதுவோர் உளர், நல்ல சொல்தான். ஆனால் மாட்டுங்காவில் நமக்கு இட்லி கொண்டுவந்து வைப்பவரையும் நாம் சர்வர் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இரண்டிடத்தும் பொருள் ஒன்றே: கேட்டதைக் கொண்டுவந்து தருபவர். ஆதலின் இன்று அச்சொல்லையே ஆளுகிறேன்.

அம்மாணவி கோடை விடுமுறையில் தாமே முயன்று பைத்தான் மொழியைக் கற்றார். 2010-இல் ஆர்மின் ரோனாக்கர் என்பவர் வெளியிட்ட ஃப்ளாஸ்க் என்னும் சட்டகத்தைக் கொண்டு நூலகச் செயலியை எழுதினார். நூற்பெயர், எடுத்தவர் பெயர், கைப்பேசி எண், எடுத்த நாள், திருப்பிய நாள் எல்லாம் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தில் ஒரே கோப்பில் அடங்கின. அவருடைய லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடிற்று. ஒரு மாலை, உலாவியின் மேற்பட்டையில் தெரிந்த முகவரியை அப்படியே எடுத்து, அலுவலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தந்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். 127.0.0.1 என்று தொடங்கி 5000 என்று முடியும் முகவரி அது. தந்தை அதனை அழுத்தினார், திறக்கவில்லை. டோம்பிவிலி வண்டியின் நெரிசலில் நின்றபடியே மீண்டும் மீண்டும் அழுத்தினார். தம் கைப்பேசியை நொந்தார். இணைப்புத் தரும் நிறுவனத்தையும் நொந்தார். வீட்டிற்கு வந்து மகளின் லேப்டாப்பில் பார்த்தால் செயலி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது!

அன்பர்களே, இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டா. இத்தொழிலுக்கு வந்தவருள் பலர் இவ்வாறு ஒரு முறையேனும் ஏமாந்தவர்களே. 127.0.0.1 என்பது 'நான்' என்னும் சொல்லைப் போன்றது. யார் சொன்னாலும் சொன்னவரையே குறிக்கும். மகளின் லேப்டாப்பில் அது லேப்டாப்பைக் குறித்தது. தந்தையின் கைப்பேசியில் அது கைப்பேசியைக் குறித்தது. கைப்பேசி தனக்குள் தேடிப் பார்த்தது. அங்கே நூலகம் ஏது?

மறுநாள் தந்தையும் மகளுமாக என் வீட்டிற்கு வந்தார்கள். "மாமா, நான் எழுதியதில் எங்கோ தவறு இருக்கிறது போலும். நான் முறையாகப் படிக்கவில்லை அல்லவா?" என்றார் மாணவி. அவர் குரலில் இருந்த தளர்ச்சி எனக்குப் பழக்கமானது. அத்தளர்ச்சியைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

நம் மூத்தோர் பலர் ஒரு தகரப் பெட்டியுடன் தாதர் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள். ஊரில் இருந்தவரை நம் காரியங்கள் தாமே நடந்தன. நம் திறமையால் நடந்தன என்று எண்ணியிருந்தோம். இங்கே இறங்கிய அன்றுதான், எவையெல்லாம் நம்மை அறியாமல் நம்மைத் தாங்கின என்று தெரிந்தது. பெயர் சொன்னால் அறிந்துகொள்ளும் கடைக்காரர், வாய் திறந்தால் புரியும் மொழி, கேளாமலே கிடைத்த கிணற்று நீர். இவற்றுள் ஒன்றையும் நாம் பெட்டியில் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கவேண்டும் என்று தோன்றவுமில்லை. நிரலின் நிலையும் இதுவே. எழுதியவரின் லேப்டாப்பில் முன்பே நிறுவிய துணை நிரல்கள் உண்டு. பழகிய கோப்புறை உண்டு. அவர் பெயரில் உள்ள உரிமைகள் உண்டு. சர்வரில் இவற்றுள் எதுவும் இல்லை. நிரல் மாறவில்லை, சூழல் மாறிற்று. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது தெரியாது. தம் அறிவே குறைவு என்று எண்ணிவிடுகிறார். அனுபவம் மிக்கவருக்கோ இது மறந்துவிட்டது. "என் கணினியில் ஓடுகிறதே" என்று சொல்லும் இளைஞரைக் கேலி செய்கிறார். இருவருக்கும் இடையே எத்தனையோ நல்ல முயற்சிகள் அழிந்து போகின்றன.

அவ்வாறு ஒன்றை அழித்தவர்களுள் நானும் ஒருவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நம்மவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இவ்வாறே ஒரு செயலியுடன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேறு அலுவல் இருந்தது. "தள்ளி உட்கார் தம்பி" என்று சொல்லி, விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. என் மனமும் குளிர்ந்தது. ஆறு திங்கள் கழித்து அச்செயலி நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வழியை நான் காட்டியிருக்கவில்லை. மீண்டும் என்னிடம் வரக் கூசினார். அச்செயலியைக் கைவிட்டார், பிறகு அத்துறையையே கைவிட்டார். இன்று வேறு தொழிலில் நலமாகவே இருக்கிறார். ஆயினும் அவர் தந்தை அண்மையில் என்னிடம், "அவனுக்கு அது வராது என்று அவனே சொல்லிவிட்டான்" என்றபோது, எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆகவே இம்முறை விசைப்பலகையைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். மூன்று கேள்விகள் மட்டுமே கேட்பேன் என்று மாணவியிடம் சொன்னேன். யார் பேசுகிறார்? என்ன சொல்கிறார்? எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்? இவற்றைத் தவிர வேறு ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்தோம். உபுண்டு இயங்குதளம், 1 ஜி.பி. நினைவகம், நம் நூலகத்திற்கு அது போதும். வாடகையைச் சங்கம் ஏற்றது. பெங்களூரில் பணிபுரியும் உறவினர் ஒருவர் டாக்கர் என்றும் குபர்னெட்டிஸ் என்றும் மாணவிக்கு நீண்ட பட்டியல் அனுப்பியிருந்தார். அவை பெரிய நிறுவனங்களுக்கு இன்றியமையாதவை. நமக்கு அவை மலையைக் கெல்லி எலி பிடிக்கும் வேலை. எல்லாவற்றையும் தாமே செய்து தரும் தளங்களும் உண்டு. ஹெரோக்கு என்னும் தளம் பல ஆண்டுகள் தொடக்கநிலையினர்க்கு இலவசமாக இடம் தந்தது. 2022 நவம்பர் 28-இல் அவ்விலவசம் முடிந்தது. இத்தகைய தளங்களை நான் குறை சொல்லவில்லை. அவசரமாயின் அவற்றையே நாடலாம். ஆனால் ஒரு முறையேனும் தம் கையால் ஏற்றிப் பார்த்தவர்க்கு, பிறகு எத்தளம் வந்தாலும் எது போனாலும் அச்சமில்லை என்பது என் துணிபு.

முதல் தடை உடனே வந்தது. நிரலைச் சர்வருக்கு அனுப்பி ஓட்டியதும், ஃப்ளாஸ்க் என்ற ஒன்றே இங்கில்லை என்று சர்வர் சொல்லிற்று. "என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன். மாணவி படித்தார்; சிரித்தார். "பெட்டியில் எடுத்து வைக்கவில்லை, மாமா" என்றார். பிப் என்னும் கருவியால் தம் லேப்டாப்பில் உள்ள துணை நிரல்களின் பெயர்களையும் பதிப்பெண்களையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டார். அப்பட்டியலைக் கொண்டு சர்வரில் தனிச் சூழல் ஒன்றை அமைத்தார். பதிப்பெண்ணையும் எழுதவேண்டும், இல்லையேல் இன்று ஓடுவது அடுத்த ஆண்டு ஓடாது.

பிறகு முகவரியை 0.0.0.0 என்று மாற்றி, 5000-ஆம் வாயிலைச் சிறிது நேரம் திறந்து வைத்து, செயலியை ஓட்டினார். 'என்னிடம் மட்டும்' என்பதை விட்டு, 'இக்கணினியின் எவ்வழியே வந்தாலும்' என்று சொல்வது அது. தந்தையின் கைப்பேசியில் பக்கம் திறந்தது. வீட்டில் கேசரி கிளறினார்கள். இரவு லேப்டாப்பை மூடி வைத்து உறங்கினார் மாணவி. காலையில் சர்வரில் செயலி இல்லை. அவர் ஓட்டிய கட்டளை அவருடைய இணைப்புடன் பிணைந்திருந்தது. இணைப்பு அறுந்ததும் அதுவும் அடங்கிற்று. 1990-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணைய சர்வரை ஒரு நெக்ஸ்ட் கணினியில் இயக்கியபோது, இது சர்வர், யாரும் நிறுத்திவிடாதீர்கள் என்று ஒரு தாளில் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்தார். விழித்திருப்பதுதான் சர்வரின் முதல் அறம். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, ஒரு மாணவி அதனைத் தம் அனுபவத்தில் கண்டுகொண்டார்.

தாளுக்குப் பதிலாக இன்று லினக்ஸில் சிஸ்டம்-டி என்னும் மேற்பார்வையாளர் இருக்கிறார். செயலியின் பெயரை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், சர்வர் எழும்போதெல்லாம் அதனை எழுப்புவார். விழுந்தால் மீண்டும் தூக்கி நிறுத்துவார். ஃப்ளாஸ்குடன் வரும் சிறு சர்வர் பழகுவதற்கு மட்டுமே. பொதுமக்கள் பயன்பாட்டிற்கு ஆகாது என்று அதுவே ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்டுகிறது. ஒரு திங்களாக அவ்வெச்சரிக்கை மாணவியின் கண்முன் இருந்தது, அவர் படித்ததில்லை. படித்தபின் அதற்குப் பதில் கனிகார்ன் என்னும் நிரலை அமைத்தார். வாயிற்காவலாக, ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸை நிறுத்தினார். வெளியிலிருந்து வருவோர் காவலரிடம் கேட்பர். காவலர் உள்ளே இருக்கும் கனிகார்னிடம் கேட்டு வாங்கித் தருவார்.

எல்லாம் அமைத்து, பக்கத்தைத் திறந்தால், 502 என்னும் எண் மட்டும் தெரிந்தது. மாணவியின் முகம் வாடிற்று. என் கை விசைப்பலகையை நோக்கி நீண்டது. உண்மையைச் சொல்கிறேன், நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

"யார் பேசுகிறார்?" என்று கேட்டேன். இக்கேள்வியில்தான் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். பக்கமே திறக்காமல் உலாவி காத்துக்கிடந்தால், நம் சொல் வாயிலையே அடையவில்லை. முகவரியையும் தீயரணையும் பார்க்க வேண்டும். 502 என்று வந்தால், காவலர் நலமாக இருக்கிறார். அந்த எண்ணைச் சொல்பவரே அவர்தாம். உள்ளே இருக்கவேண்டியவர் தக்க விடை தரவில்லை. 500 என்று வந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பவர் எழுந்து வந்தார், ஆனால் வேலையின் நடுவே இடறி விழுந்தார். மூன்றும் வேறு வேறு நோய்கள். மூன்றுக்கும் நிரலையே திருத்திக்கொண்டிருப்பது, பல்வலிக்குச் செருப்பை மாற்றுவது போலாகும்.

மாணவி சிஸ்டம்-டியின் நாட்குறிப்பைத் திறந்தார். நாற்பது வரிகள் திரையில் கொட்டின. அவர் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கி மலைத்தார். "கடைசி வரியைப் படியுங்கள் அம்மா" என்றேன். பைத்தான் தன் துன்பத்தைச் சொல்லும்போது, எவ்வழியே வந்தேன் என்பதை முதலில் சொல்லி, எங்கே அடிபட்டேன் என்பதைக் கடைசியில் சொல்லும். தரவுத்தளக் கோப்பைத் திறக்க இயலவில்லை என்றிருந்தது. அதன் கீழே, பணியாளர் எழவில்லை என்று கனிகார்ன் தன் பங்கிற்குப் புலம்பியிருந்தது.

"கோப்பு இருக்கிறதே!" என்றார். இருந்தது, செயலியின் கோப்புறையிலேயே இருந்தது. மூன்றாம் கேள்வியைக் கேட்டேன்: "எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்?" நெடுநேரம் பேச்சில்லை. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. பிறகு மாணவி, தான் நிற்கும் கோப்புறையை அச்சிடும்படி நிரலில் ஒரு வரி சேர்த்து ஓட்டினார். நாட்குறிப்பில் ஒரே ஒரு சாய்கோடு வந்தது. சர்வரின் ஆணிவேரான மேற்கோப்புறை அது. வீட்டில் அவர் எப்போதும் செயலியின் கோப்புறைக்குள் சென்று நின்றுகொண்டே ஓட்டியவர். ஆதலால் கோப்பின் பெயரை மட்டும் எழுதினாலே கிடைத்தது. சிஸ்டம்-டியோ, எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லாவிடின் மேற்கோப்புறையில் நின்றுகொண்டு அழைக்கும். அங்கே கோப்பு இல்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கவும் செயலிக்கு உரிமை இல்லை. கோப்பின் முழுப் பாதையையும் எழுதினார். பக்கம் திறந்தது.

"மாமா, நிரலில் தவறே இல்லை. அது வேறிடத்தில் நின்றது" என்றார். அன்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

இனி ஒரு கசப்பான பகுதி. தம் நிரலை அவர் கிட்ஹப்பில் எல்லாரும் காணும் வகையில் வைத்திருந்தார். சர்வருக்கு அங்கிருந்தே நிரலை எடுத்தார். பக்கம் திறந்த இரண்டாம் நாள் அவரே கண்டார்: நிரலுடன் தரவுத்தளக் கோப்பும் சேர்ந்து அங்கே போயிருக்கிறது. சோதனைக்காக ஏற்றிய முப்பது உறுப்பினர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அதில் இருந்தன. கோப்பை நீக்கினால் போதாது. கிட் பழைய வரலாறு அனைத்தையும் வைத்திருக்கும். அக்களஞ்சியத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். தரவுத்தளமும் மறைச்சாவியும் இனி அங்கே போகாதபடி விலக்குப் பட்டியலில் எழுதினார். மறைச்சாவியை மாற்றினார். சாவியை மாற்றலாம், மனிதரின் கைப்பேசி எண்ணை மாற்ற இயலுமா? ஆகவே அம்முப்பது பேரையும் தாமே தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொன்னார். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் அவர் அழைத்தது சட்டத்திற்கு அஞ்சியன்று. இருவர் கடிந்துகொண்டனர். ஏனையோர், சொன்னதற்கு நன்றி என்றனர். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சாவியை இவ்வாறு வெளியில் விட்டவன்தான். அதனை என் மேலாளரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இப்பெண் ஒரு மாலைக்குள் சொல்லிவிட்டார்.

ஃப்ளாஸ்கின் பிழைகாட்டும் முறையைச் சர்வரில் அணைத்துவிட வேண்டும் என்பதும் அன்றே கற்ற பாடம். இடறும்போது உள்ளிருப்பதையெல்லாம் வந்தவர்க்கு விரித்துக் காட்டும் முறை அது. எழுதுபவர்க்கு நண்பன், திருடனுக்கும் நண்பன். எஞ்சியவை எளிதில் முடிந்தன. முகவரிக்கு ஒரு பெயர் வாங்கி, அதனைச் சர்வரின் எண்ணுடன் இணைத்தார். மறைப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் விலையின்றி வழங்குகிறது. அதன் ஆயுள் குறுகியது. தானே புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும். நாள்தோறும் இரவில் தரவுத்தளத்தின் படி ஒன்று வேறிடத்திற்குச் செல்கிறது. அப்படியிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று ஒரு முறை செய்தும் பார்த்தார். படி எடுப்போருள் இதனைச் செய்து பார்ப்பவர் சிலரே.

சென்ற திங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பிற்கு வரும் சிறுவன் ஒருவன், தான் எழுதிய குறள் வினாடிவினாச் செயலி "வெளியே ஓடவில்லை அக்கா" என்று இவரிடம் வந்தானாம். நான் தற்செயலாக அங்கே இருந்தேன். உதவலாம் என்று நாற்காலியை நகர்த்தினேன். "மாமா, நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அவனே பார்க்கட்டும்" என்றார். தள்ளி உட்கார்ந்தேன்.

நூலகப் பக்கத்தின் முகவரி விழா மலரின் பின்னட்டையில் இருக்கிறது. அது திறந்த அன்று, மாணவியின் தந்தை முதலில் தேடிய நூல் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. இரண்டு படிகள் இருப்பதாகவும், ஒன்று நான்கு ஆண்டுகளாகத் திரும்பவில்லை என்றும், அதனை எடுத்தவர் இன்னார் என்றும் திரை காட்டிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் இருந்தது என் பெயர்.

அந்நூலை இன்று கொண்டுவந்திருக்கிறேன். நூலகப் பொறுப்பாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரிடம் ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன்.